கிறிஸ்துமஸ் தட்டில் குழந்தை அலங்கரித்த பிஸ்கட்டை வைக்கலாமா?

அஸ்தம்பட்டி அம்மா:
எனக்கு இரண்டு பெண்கள். ஒருத்திக்கு 8 வயது, சின்னவளுக்கு 5. போன டிசம்பரில் மூவருமாக வெண்ணெய் பிஸ்கட் செய்தோம். நட்சத்திரம், மணி, மரம் என்று வெட்டிச் சுட்டு, ஆறிய பிறகு மேலே சர்க்கரை ஐசிங் பூசினோம். சின்னவள் தன் கோனில் இருந்த வெள்ளை ஐசிங் முழுவதையும் ஒரே நட்சத்திரத்தின் மீது பிழிந்துவிட்டாள். ஐந்து முனையும் மூழ்கிப்போயின. கேட்டதற்கு, "நம் வாசல் நட்சத்திரம் மழையில் நனைந்துவிட்டதே, அதுதான் இது" என்றாள்.

பிள்ளைகள் தூங்கிய பிறகு அதையும் இன்னும் பத்துப் பன்னிரண்டையும் எடுத்து டப்பாவில் போட்டுவிட்டு, நான் நேர்த்தியாகப் பூசியவற்றைத் தட்டுகளில் அடுக்கினேன். ஏழு வீட்டுக்குப் போக வேண்டிய தட்டுகள். காலையில் அவள் ஒவ்வொரு தட்டின் துணியையும் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அது என் நெஞ்சில் அப்படியே நிற்கிறது. இந்த வருடம் பிள்ளைகள் செய்ததை மாற்றாமல் வைக்கப்போகிறேன். மாமியார் கூடவே கூடாது என்கிறார். உங்கள் கருத்து என்ன?

செவ்வாய்ப்பேட்டை பாட்டி:
உன் மாமியார் சொல்வதுதான் சரி, மகளே. எங்கள் தெருவில் தீபாவளிக்கு அதிரசம் வரும், பெருநாளுக்குப் பிரியாணி வரும், கிறிஸ்துமஸுக்கு நாங்கள் தட்டு அனுப்புவோம். நாற்பது வருடப் பழக்கம். அந்தத் தட்டு வீட்டின் மரியாதை. வாங்குகிறவர் அதை விரித்துப் பார்க்கும்போது, நமக்காக இவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்ற வேண்டும்.

மார்கழியில் குழந்தை கோலம் போட ஆசைப்பட்டால் நாம் என்ன செய்வோம்? வாசலின் நடுவை விட்டுக்கொடுக்க மாட்டோம். ஓரத்தில் போடு, கை திருந்தட்டும் என்போம். அதில் அன்புக்கு என்ன குறை வந்துவிட்டது?

பிள்ளைகளுக்குக் கைவேலை வேண்டுமென்றால் கல்கல் செய்யச் சொல். மைதாவும் தேங்காய்ப்பாலும் பிசைந்து உருட்டி, புதுச் சீப்பின் முதுகில் வைத்து அழுத்திச் சுருட்டினால் சிப்பி போல வரும், அதை எண்ணெயில் பொரிப்போம். நான் ஆறு வயதில் என் அத்தையிடம் கற்றது அது. சாயம் பூசிய பிஸ்கட் நேற்று வந்த வழக்கம்.

மூடுபனி ஏற்காடு:
பாட்டி, கல்கல் எனக்கும் உயிர். ஆனால் உருட்டியதோடு குழந்தையின் வேலை முடிந்துவிடுகிறது. கொதிக்கும் எண்ணெய்ப் பக்கம் அதை விட முடியாது, கடைசிப் பாதி நம்முடையது. பிஸ்கட்டில் அடுப்பின் பத்து நிமிடம் மட்டும்தான் பெரியவர்களுடையது. பிசைவது, தேய்ப்பது, வெட்டுவது, பூசுவது எல்லாமே சின்னக் கைக்கு எட்டும்.

இன்னொன்று. ஓரத்தில் போட்ட அந்தப் பிஞ்சுக் கோலத்தை நீங்கள் தண்ணீர் தெளித்து அழித்திருக்கிறீர்களா? வாசலில்தானே விட்டு வைத்தீர்கள்? அஸ்தம்பட்டி அக்கா வருந்துவது அதற்காகத்தான். குழந்தை தூங்கும்போது அழிக்கப்பட்டது.

ஃபேர்லேண்ட்ஸ் அடுமனை:
நான் வீட்டில் கேக் செய்து விற்கிறவள். அழகு, அன்பு இரண்டையும் தள்ளி வைத்துவிட்டு ஒன்று கேட்கிறேன். ஐசிங் எதில் செய்தீர்கள்? பச்சை முட்டையின் வெள்ளைக்கரு என்றால் அதை அக்கம்பக்கத்துக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். அதில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். சின்னக் குழந்தைகளும் வயதானவர்களும் அதைத் தாங்க மாட்டார்கள். பச்சை மாவை வாயில் போடுவதும் ஆபத்தே, முட்டை மட்டுமல்ல, வேகாத மைதாவிலும் கிருமி இருக்க முடியும்.

அடுத்தது சாயம். ரோடமின்-பி என்ற நச்சுச் சாயம் கலந்த பஞ்சுமிட்டாயைத் தமிழக அரசு 2024 பிப்ரவரியில் தடை செய்தது நினைவிருக்கும். பெயரில்லாத பொட்டலச் சாயத்தை வாங்கவே கூடாது. இரண்டு சொட்டு பீட்ரூட் சாறு நல்ல ரோஜா நிறம் தரும். ஐசிங்கை அடுப்பில் வைப்பதில்லை என்பதால் நிறம் மங்காது.

ஐந்து வயதுக் குழந்தை கோனின் முனையை நக்காமல் இருக்காது. அப்படி நக்கிய கோனில் பூசியது வெளியே போகக் கூடாது. இதில் நான் பாட்டி பக்கம்.

அஸ்தம்பட்டி அம்மா:
முட்டை சேர்க்கவில்லை அக்கா. ஐசிங் சர்க்கரையும் பாலும்தான். நக்கும் விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை. பட்டர் பேப்பரை மருதாணிக் கோன் போலச் சுருட்டி, ஆளுக்கு இரண்டு கொடுக்கலாம் என்று தோன்றுகிறது. ஒன்று தட்டுக்கு, ஒன்று நக்குவதற்கு.

சூரமங்கலம் அப்பா:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் மரம் மரமாகவே வரவில்லை. அடுப்பில் வைத்ததும் எல்லாம் பரந்து அப்பளமாகிவிட்டது. பிள்ளை அழுதுவிட்டான். அலங்காரம் வரை போனால்தானே இந்த விவாதமெல்லாம்?

மூடுபனி ஏற்காடு:
சூரமங்கலம் அண்ணா, அது சேலத்து வெயில் செய்த வேலை. டிசம்பரிலும் உங்கள் சமையலறையில் பகலில் வெண்ணெய் தளர்ந்துவிடும். வெட்டுவதற்குள் மாவு எண்ணெய் விடத் தொடங்கும். என் அளவு இது: வெண்ணெய் 200 கிராம், பொடித்த சர்க்கரை 150, முட்டை 1, மைதா 350. கடை வெண்ணெயிலேயே உப்பு இருப்பதால் தனியாக வேண்டாம். பேக்கிங் பவுடர் போடவே போடாதீர்கள், அது மாவை உப்பவைத்து முனைகளை மழுக்கிவிடும். இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, அப்படியே ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெட்டிய பிறகும் தட்டோடு கால் மணி நேரம். அதன்பின் 180 டிகிரியில் 10 முதல் 12 நிமிடம். ஓரம் மட்டும் பொன்னிறமானால் போதும்.

எங்களுக்கு மாவில் தொல்லை இல்லை, ஐசிங்கில்தான். 1,500 மீட்டர் உயரத்தில் டிசம்பர் மூடுபனி சன்னல் வழியாக உள்ளேயே வந்துவிடுகிறது. இரவெல்லாம் வைத்தாலும் பூச்சு பிசுபிசுக்கும். போன முறை என் மகன் பூசிய மணிகளை மறுநாள் டப்பாவில் அடுக்கியபோது, ஒன்றின் சிவப்பு மற்றொன்றின் முதுகில் அச்சாக ஒட்டிக்கொண்டது. அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிக் கீழே அவன் தாத்தா வீட்டுக்கு அந்த டப்பாவைத்தான் கொண்டுபோனோம். தாத்தா முதலில் கையில் எடுத்தது அந்த அச்சு விழுந்த பிஸ்கட்டைத்தான். பாட்டி, அவருக்கு அது மரியாதைக் குறைவாகப் படவில்லை.

செவ்வாய்ப்பேட்டை பாட்டி:
தாத்தா சொந்தம், அம்மா. பேரன் கரியைத் தடவிக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார். நான் பேசுவது எதிர்வீட்டைப் பற்றி. அவர் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டு, கதவைச் சாத்திய பிறகு ஒதுக்கி வைத்துவிட்டால், அதுவும் குழந்தையின் பிஸ்கட்டுக்குத்தானே அவமானம்? அவள் கண்ணில் பட்டால் என்ன ஆகும்?

ஆனால் கோலத்தை அழிப்பேனா என்று கேட்டாயே, அழித்ததில்லை. மிதிபடாமல் சுற்றிப் போகச் சொல்லியிருக்கிறேன்.

அஸ்தம்பட்டி அம்மா:
பாட்டி, எதிர்வீட்டைப் பற்றி நீங்கள் சொன்னதை அவளிடமே வேறு விதமாகக் கேட்டேன். "நீ பூசியதை யாருக்குக் கொடுக்கலாம்?" என்றேன். ஏழு வீட்டில் மூன்றைச் சொன்னாள். மேல்வீட்டு ஆச்சி, இஸ்திரி போடும் அண்ணன், அவள் தோழியின் வீடு. மற்ற நான்கு வீட்டுக்கு நானும் பெரியவளும் பூசியது போகும்.

ஃபேர்லேண்ட்ஸ் அடுமனை:
கோன் இரண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். பூசும் முன் கையும் கழுவட்டும்.

செவ்வாய்ப்பேட்டை பாட்டி:
அந்த மூன்று தட்டையும் அவளே தூக்கிக்கொண்டு போகட்டும். நீ பின்னால் நில். துணி மட்டும் சலவை செய்ததாக இருக்கட்டும், மகளே. இரண்டு கல்கல்லும் வைத்து அனுப்பு.