வாசல் மரத்தை மொட்டையடித்தால் புயலில் விழாதா?

வேளச்சேரி வாசி:
எங்கள் வாசலில் பெரிய இயல்வாகை மரம். வடிகாலுக்குத் தோண்டியபோது தெருப் பக்கம் தொடை கனத்துக்கு ஒரு வேரை ஜேசிபி அறுத்துவிட்டது. அடிமரத்தை ஒட்டி சிமென்டும் பூசியாகிவிட்டது. 2016 வர்தா புயலில் இதே தெருவில் மரங்கள் வேரோடு சாய்ந்ததைப் பார்த்தவன் நான். மாடிவீட்டுக்காரர், "மேலே மொட்டையடித்துவிட்டால் பயமில்லை" என்கிறார். செய்யலாமா?

புங்கமர நிழல்:
அதெல்லாம் வெளிநாட்டு மரம் சார். எடுத்துவிட்டு வேம்பு வையுங்கள்.

நாற்றுப்பண்ணைக்காரன்:
மரத்தின் ஊரைக் குறை சொல்வது பாதிதான் சரி. மடகாஸ்கரிலிருந்து வந்த குல்மோகருக்கும் உங்கள் இயல்வாகைக்கும் கிளை எளிதில் முறியும், வாஸ்தவம். ஆனால் வர்தாவில் வேம்பும் சாய்ந்தது. நான் மரம் வளர்த்து விற்கிறவன். விழுந்த மரம் எங்கே கிடந்தாலும் முதலில் அடியைத்தான் பார்ப்பேன். பெரும்பாலும் ஒரு பக்கம் வேரே இருக்காது.

மரத்தின் வேர் கிணறு ஆழத்துக்குப் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பகுதி மேல் மூன்று அடி மண்ணுக்குள், கிளைப்பரப்பையும் தாண்டிப் பக்கவாட்டில்தான் ஓடும். கேபிளுக்கும் வடிகாலுக்கும் நாம் தோண்டுவதும் அதே மூன்று அடியில்தான்! காற்று வரும் பக்கத்து வேர்தான் மரத்தை இழுத்துப் பிடிக்கிறது. உங்களுக்குத் தெருப் பக்கம் அறுந்திருக்கிறது. பந்தலின் ஒரு பக்கக் கயிறு போன கதைதான். தெருவிலிருந்து காற்றடித்தால் மரம் வீட்டை நோக்கித்தான் வரும். மழையில் மண்ணும் இளகிவிடும். வர்தாவில் புயலின் கண் கடந்தபின் காற்று எதிர்த்திசையில் அடித்தது. முதல் காற்றில் ஆட்டம் கண்ட மரங்களுக்கு அது போதும்.

மொட்டையடிக்க மட்டும் விடாதீர்கள். வெட்டின இடத்தில் அழுகல் இறங்கும். அங்கிருந்து கொத்தாகக் கிளம்பும் புதுக்கிளைகள் மேலோட்டமாகத்தான் ஒட்டியிருக்கும், அடுத்தடுத்த மழைக்காலங்களில் அவைதான் முறிந்து விழும். நீண்டு தொங்கும் கிளைகளைக் குறைத்து, நெருக்கத்தைக் கலைத்தால் காற்று ஊடே போய்விடும். வெட்டும்போது கிளையடியில் இருக்கும் தடித்த வளையத்தைச் சேதப்படுத்தக் கூடாது.

சிமென்டை எடுத்துவிடுங்கள். டெல்லியில் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட் இருக்கக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே உத்தரவு போட்டது. அடியில் காளான் முளைத்திருக்கிறதா, தெருப் பக்கம் மண் வெடித்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

வேளச்சேரி வாசி:
காளான் இல்லை. ஆனால் தெருப் பக்கம் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். மரமும் வீட்டுப் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது.

நாற்றுப்பண்ணைக்காரன்:
அப்படியானால் கிளை குறைப்பதெல்லாம் அப்புறம். படம் எடுத்து, வேர் அறுந்ததையும் குறிப்பிட்டு மாநகராட்சிக்கு எழுதிக் கொடுங்கள், 1913 என்ற மாநகராட்சிப் புகார் எண்ணிலும் பதிவு செய்யுங்கள். சாலையோர மரத்தில் நீங்களே கை வைக்க முடியாது. அதுவரை அந்தப் பக்கத்து அறையில் யாரும் படுக்க வேண்டாம், வண்டியையும் கீழே நிறுத்தாதீர்கள்.

எடுத்தே ஆக வேண்டும் என்று அவர்கள் சொன்னால், புதுக் கன்று பையில் சுருண்ட வேரோடு வராமல் பார்த்து வாங்குங்கள். சுருண்ட வேர் சுருண்டபடியே பருக்கும், பக்கவாட்டில் ஓடி மரத்தைப் பிடிக்காது. பூவரசு, புங்கம், மகிழம் எதுவானாலும் இதைப் பாருங்கள்.