'தி ஸ்டேஷன் ஏஜென்ட்': ஜோ செய்வது சரியா?

மெய்ப்பு (கேள்வி):

சென்ற வாரம் அடுத்தடுத்து இரண்டு இரவுகள் ஒரே படத்தைப் பார்த்தேன். டாம் மெக்கார்த்தி எழுதி இயக்கிய முதல் படம், 'தி ஸ்டேஷன் ஏஜென்ட்', 2003இல் வந்தது. ஒன்றரை மணி நேரம்தான். பார்த்தவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பார்க்காதவர்களும் இங்கே இருப்பீர்கள், ஆகவே முதலில் கொஞ்சம் கதை.

ஃபின்பார் மெக்பிரைட் உயரம் மிகக் குறைந்த மனிதன். எல்லோரும் ஃபின் என்கிறார்கள். நியூ ஜெர்சி மாநிலத்தின் ஹோபோக்கனில் மாதிரி ரயில்கள் விற்கும் கடையில் வேலை செய்கிறான். கடைக்காரர் ஹென்றி திடீரென்று இறந்துபோகிறார். கடை கைமாறுகிறது. ஃபின்னுக்கு அவர் எழுதிவைத்துவிட்டுப் போனது, அதே மாநிலத்தில் நியூஃபவுண்ட்லாண்ட் என்ற சிற்றூரில் கைவிடப்பட்டுக் கிடக்கும் ஒரு பழைய ரயில் நிலையக் கட்டடம். (கனடாவில் இருப்பது வேறு.) யாரும் தன்னை உற்றுப் பார்க்காமல் இருந்தால் போதும் என்று ஃபின் அங்கே குடிபோகிறான்.

வாசலிலேயே ஜோ நிற்கிறான். நோயில் விழுந்த தந்தைக்குப் பதிலாக அவருடைய காபி வண்டியை ஓட்ட வந்தவன். நாளெல்லாம் பேச ஆள் தேடுகிறவன். ஃபின் எங்கே போனாலும் நானும் வரட்டுமா என்பான். வேண்டாம் என்றாலும் வருவான். மூன்றாவது ஆள் ஒலிவியா, மகனைப் பறிகொடுத்த ஓவியர். கார் ஓட்டும்போது காபியைச் சிந்தி, ஒரே நாளில் இரண்டு முறை ஃபின் மீது மோதப் பார்த்தவர்.

என் கேள்வி ஜோவைப் பற்றியது. தனியாக விடுங்கள் என்று சொல்லும் ஒருவனை விடாமல் தேடிப் போவது அன்பா, அத்துமீறலா? படம் ஜோவின் பக்கம் நிற்கிறது என்றே எனக்குப் படுகிறது. அதை ஏற்கவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை.

ஏன் கேட்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். நான் மெய்ப்புப் பார்ப்பவன். வீட்டிலிருந்தே வேலை. அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது, அதற்குப் பின் மாடியில் நான் ஒருவன்தான். கீழ்வீட்டுப் பெரியவர் மாலை ஆறரைக்குப் படியேறி வருகிறார். கையில் நாளிதழ், குறுக்கெழுத்துப் பகுதி மேலே தெரியும்படி நான்காக மடித்திருப்பார். "தம்பி, எழுத்து வேலை செய்கிறவர் நீங்கள், இந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லுங்கள்" என்பார். முதல் மாதம் கதவைத் திறந்தேன். பிறகு, படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருக்கத் தொடங்கினேன். மூன்று முறை தட்டுவார். சிறிது நேரம் நிற்பார். பிறகு அந்தச் செருப்பு ஒவ்வொரு படியாக இறங்கும். அவர் மீது எனக்குக் கோபமே இல்லை. கேட்கப்படுவதுதான் தாங்கவில்லை.

படம் பார்த்ததிலிருந்து அந்த இறங்கும் சத்தம் வேறு மாதிரி கேட்கிறது.

கடைசிப்பெட்டி:

ஐயா, நான் முப்பத்தோரு வருடம் ரயில்வேயில் கார்டாக இருந்தவன், அதில் பாதிக்கும் மேல் சரக்கு ரயிலில். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன், ஃபின் தனிமையை விரும்புகிறவன் இல்லை.

தொடக்கக் காட்சிகளை மறுபடி பாருங்கள். கடையில் ஃபின்னும் ஹென்றியும் ஆளுக்கொரு வேலையாக இருக்கிறார்கள். அதிகம் பேச்சில்லை, ஒருவரை ஒருவர் கண்காணிப்பதும் இல்லை. ஆனாலும் அந்தக் கடையில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பது ஒவ்வொரு நொடியும் தெரிகிறது. ஃபின் இழந்தது அதை. பேசாமல் கூட இருக்கத் தெரிந்த ஒரே மனிதர் போய்விட்டார். அதன் பிறகு வருகிறவர்கள் எல்லோருக்கும் பேச வேண்டியிருக்கிறது, கேட்க வேண்டியிருக்கிறது. அவன் கதவைச் சாத்துவது அதனால்தான்.

எங்கள் வேலையில் ஓட்டுநர் முன்னால், கார்டு பின்னால். நடுவே அரைக் கிலோமீட்டருக்கு மேல் வேகன்கள். இரவெல்லாம் முகம் பார்க்க வழியில்லை. நிலையத்தைக் கடந்ததும் அவர் முன்னாலிருந்து பச்சை விளக்கை அசைப்பார், நான் பின்னாலிருந்து அசைப்பேன். எல்லாம் சரி என்று அர்த்தம். வளைவில் வண்டி திரும்பும்போது அந்தச் சின்னப் பச்சைப் பொட்டு தெரிந்துவிட்டால் போதும், அடுத்த நிலையம்வரை நான் தனியாள் இல்லை. ஓர் ஓட்டுநருடன் பல வருடம் அப்படி ஓடியிருக்கிறேன். அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பது அவர் ஓய்வுபெற்ற அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவர் இறந்தபோது வீட்டில் எல்லோரும் பயப்படும்படி அழுதேன்.

ஜோ அந்த விளக்கை அசைக்கக் கற்றுக்கொள்கிறான். படத்தின் கதையே அதுதான் என்பேன். ஃபின் தண்டவாளத்தின் ஓரமாக நடப்பான், ஜோவும் கூடவே வருவான். ஓரிடத்தில் பேசக் கூடாது என்ற நிபந்தனையோடு பக்கத்தில் உட்காருகிறான். ஃபின் படித்துக்கொண்டிருக்கிறான். ஜோவால் தாங்க முடியவில்லை, வாயைத் திறந்துவிடுகிறான். பேச மாட்டேன் என்றாயே என்று ஃபின் கேட்க, இருபது நிமிடமாக நான் பேசவே இல்லையே என்கிறான் ஜோ. ஒன்பது, என்கிறான் ஃபின். கடிகாரம் பார்த்திருக்கிறான்!

எல்லோரும் அங்கே சிரிப்பார்கள். எனக்கு அந்த ஒன்பது நிமிடம் பெரிய விஷயம். பேச்சே மூச்சாக இருப்பவன் ஒருவன் இன்னொருவனுக்காக ஒன்பது நிமிடம் வாயைக் கட்டியிருக்கிறான். மற்றவனும் அதை ஒரு நிமிடம் விடாமல் எண்ணியிருக்கிறான். பிடிக்காதவனின் மௌனத்தை யார் எண்ணுவார்கள்?

அந்த நிலையக் கட்டடம் செட் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நியூஃபவுண்ட்லாண்டில் நியூயார்க், சஸ்குஹானா அண்ட் வெஸ்டர்ன் ரயில் பாதை மேல் நிற்கும் நிஜமான நிலையம். மரத்தில் கட்டப்பட்ட அப்படிப்பட்ட சிறு நிலையங்களில் நின்றவர்களுக்கு அந்தப் படத்தின் வெளிச்சம் உடனே அடையாளம் தெரியும்.

செவ்வந்தி:

கடைசிப்பெட்டி ஐயா எழுதியது அழகு. ஆனால் ஒன்றை எல்லோரும் தாண்டிப் போகிறீர்கள், அது எனக்கு வலிக்கிறது.

நான் பன்னிரண்டு வயதிலிருந்து ஊன்றுகோலோடு நடப்பவள். ஃபின் ஊருக்குள் நுழையும் காட்சிகளை உங்களைப் போல என்னால் பார்க்க முடியாது. கடைக்காரப் பெண் அவனைக் கேட்காமலே புகைப்படம் எடுக்கிறாள். நூலகத்தில் வேலை செய்யும் எமிலி அவனைத் திடீரென்று கண்டதும் அலறிவிடுகிறாள். கெட்டவள் இல்லை அவள், பிறகு அவனோடு பழகவும் செய்கிறாள். ஆனால் அந்த அலறலுக்குப் பின் ஃபின் முகத்தைப் பாருங்கள். கோபம் இல்லை, வெட்கம்கூட இல்லை. பழகிப்போன களைப்பு. ஃபின்னாக நடிக்கும் பீட்டர் டிங்க்லேஜ் அதை ஒரு தசையும் அசையாமல் காட்டுகிறார். அந்தக் களைப்பை நான் தினமும் பஸ்ஸில் சுமக்கிறேன். ஒவ்வொரு புது மனிதரும் எனக்கு ஒரு வேலை: அவர்களுடைய பரிதாபத்தையோ ஆர்வத்தையோ முதலில் நான் சமாளித்துக் கொடுக்க வேண்டும், அதன் பிறகுதான் நாங்கள் பேசவே தொடங்குவோம். சில நாட்களில் அந்த வேலைக்குத் தெம்பு இருக்காது. கதவைச் சாத்திக்கொள்வேன். அதைப் பார்த்து, இவள் ஒதுங்கி வாழ்கிறாள், வெளியே இழுத்து வர வேண்டும் என்று யாராவது சொன்னால் எனக்கு ஆத்திரம் வரும்.

மதுக்கடைக் காட்சியும் அதனால்தான் எனக்குத் தாங்காது. ஃபின் குடித்துவிட்டு மேலே ஏறி நின்று, பாருங்கள், நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கத்துகிறான். படம் முழுக்க அவன் அடக்கிவைத்தது எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் வெளியே வருகிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஜோவுக்கு ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். அவன் ஃபின்னைப் பார்த்துப் பரிதாபப்படுவதே இல்லை. அந்த உயரம் அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. அவனுக்குப் பொழுது போகவில்லை, பக்கத்தில் ஓர் ஆள் இருக்கிறான், அவ்வளவுதான். கிளியோ என்ற சிறுமியும் அப்படியே. எந்த வகுப்பில் படிக்கிறாய் என்று ஃபின்னைக் கேட்கிறாள், பெரியவன் என்று தெரிந்ததும், சரி என்று அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறாள். தன் வகுப்புக்கு வந்து ரயில்களைப் பற்றிப் பேசச் சொல்வதும் அவள்தான்.

மெய்ப்பு அவர்களே, உங்கள் கீழ்வீட்டுப் பெரியவர் எதற்கு வருகிறார் என்பதைப் பாருங்கள். உங்களுக்கு ஆறுதல் சொல்ல வருகிறாரா, தனக்கு ஒரு வார்த்தை தேவைப்பட்டு வருகிறாரா? முதலாவது என்றால் விளக்கை அணையுங்கள், நான் உங்கள் பக்கம். இரண்டாவது என்றால் எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது.

பிற்பகல்காட்சி:

(இதில் படத்தின் பிற்பகுதி வருகிறது, பார்க்காதவர்கள் தாண்டிவிடுங்கள்.)

படம் ஜோவின் பக்கம் நிற்கிறது என்பதை மறுக்கிறேன். நடுவே ஒரு நல்ல நாள் வருகிறது: ஒலிவியா கொடுத்த கேமராவோடு ஃபின், வண்டியை ரயிலுக்கு இணையாக விரட்டும் ஜோ, பிறகு ஃபின் எடுத்த அந்தக் காட்சிகளை மூவரும் ஒலிவியா வீட்டில் பார்ப்பது. அதற்குப் பின் ஒலிவியா கதவைச் சாத்திக்கொள்கிறார். இப்போது தேடிப் போகிறவன் ஃபின். நான் உன் தோழியும் இல்லை, தாயும் இல்லை என்ற பொருளில் கத்தி விரட்டிவிடுகிறார். ஜோ தட்டியது போலத்தான் அவனும் தட்டினான், கதவு திறக்கவில்லை. எப்போதும் திறக்கும் என்று மெக்கார்த்தி சொல்லவே இல்லை.

ஆனாலும் ஃபின் மறுபடி போகிறான். அப்படிப் போனதால்தான் ஒலிவியா உயிரை விட முயன்றது தெரிந்து, அவர் காப்பாற்றப்படுகிறார். மருத்துவமனையில் ஃபின் கூட இருக்கிறான். ஒலிவியாவாக நடிக்கும் பேட்ரிஷியா கிளார்க்சன் அந்த மருத்துவமனைப் படுக்கைக் காட்சியில் குரலை உயர்த்துவதே இல்லை. அந்த ஆண்டு அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில், இது உட்பட மூன்று படங்களுக்காக அவருக்குச் சிறப்பு நடுவர் பரிசு கிடைத்தது. இதே படத்துக்குப் பார்வையாளர் விருதும் திரைக்கதை விருதும். பிறகு பிரிட்டனின் பாஃப்டா திரைப்பட விருதுகளிலும் திரைக்கதைக்கு. ஐந்து லட்சம் டாலருக்குள் எடுத்த படங்களுக்கான ஜான் கஸாவெட்டிஸ் விருதையும் வாங்கியது. மூன்று முகங்களும் ஒரு தண்டவாளமும் இருந்தால் போதும் என்ற துணிச்சல் அந்தத் தொகையில் தெரிகிறது.

மெய்ப்பு:

மூவருக்கும் நன்றி. செவ்வந்தி, உங்கள் கேள்வியை மூன்று நாள் மனத்தில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பெரியவர் ஒருமுறைகூட அம்மாவைப் பற்றிக் கேட்டதில்லை. சாப்பிட்டாயா என்றுகூட இல்லை. வார்த்தை மட்டும்தான் கேட்டிருக்கிறார்.

நேற்று ஆறரைக்குச் செருப்புச் சத்தம் கேட்டது. விளக்கை அணைக்கவில்லை. கதவைத் திறந்ததும் அவர் ஒன்றும் சொல்லாமல் நாளிதழை நீட்டினார். மேலிருந்து கீழ், பதினான்கு, ஐந்தெழுத்து, "கரையில் கட்டியது". படகு என்றால் மூன்றெழுத்துதான். தோணி இரண்டு. ஓடம் மூன்று. மேசைக்கு இரு பக்கமும் உட்கார்ந்துவிட்டோம். நான் என் மெய்ப்பைத் திருத்தினேன், அவர் பென்சிலைக் கடித்தபடி இருந்தார். கடைசிப்பெட்டி ஐயா, நானும் கடிகாரத்தைப் பார்த்தேன், நாற்பது நிமிடம்.

வார்த்தை கிடைக்கவில்லை. நாளிதழை இங்கேயே வைத்துவிட்டு இறங்கிப் போனார். பென்சிலையும்தான். யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள், இரண்டாம் எழுத்து 'ங்' என்று வருகிறது.

கடைசிப்பெட்டி:

நங்கூரம்.