ட்ரக்கியாஸ்டமி குழாய் உள்ளவருக்கு வாய் வழியே தண்ணீர் கொடுக்கலாமா?

கேள்வி:
வார்டில் ட்ரக்கியாஸ்டமி (மூச்சுவிடக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பது) போட்ட நோயாளி தண்ணீர் கேட்கிறார். "தொண்டையில்தானே குழாய் இருக்கிறது, குடித்தால் ஓட்டை வழியாக வெளியே வந்துவிடும்" என்கிறார் ஒரு உதவியாளர். "கஃப் (குழாயைச் சுற்றியுள்ள காற்றுப் பலூன்) ஊதியிருக்கிறது, நுரையீரலுக்கு எதுவும் போகாது, தாராளமாகக் கொடுங்கள்" என்கிறார் இன்னொருவர். எது சரி?

பதில் 1:
இரண்டுமே தப்பு. குழாய் இருப்பது தொண்டையில் அல்ல, மூச்சுக்குழாயில். உங்கள் கழுத்தின் நடுவே விரலை வைத்து மெல்லக் கீழே இறக்குங்கள். முதலில் குரல்வளை மேடு, அடுத்து ஒரு சின்னப் பள்ளம், அதன்பின் கெட்டியான கிரிகாய்டு வளையம். அதற்குக் கீழேதான் மூச்சுக்குழாய் ஆரம்பிக்கிறது. துளை போடுவது பெரும்பாலும் அதன் 2, 3-ஆவது வளையங்களை ஒட்டி. உணவுக்குழாய் அதற்கு நேர் பின்னால் தனியாக இறங்குகிறது. சரியாக விழுங்கிய தண்ணீர் ட்ரக்கியாஸ்டமி குழாயைத் தொடவே தொடாது.

துளையைச் சுற்றியோ, சளியை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷனிலோ தண்ணீரோ உணவோ வந்தால் அது குரல் நாண்களைத் தாண்டி மூச்சுப்பாதைக்குள் இறங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். வாய்வழி கொடுப்பதை நிறுத்தி, சக்‌ஷன் செய்து, உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் இடையில் ஓட்டை விழுந்திருந்தாலும் இப்படி வரும்.

பதில் 2:
கஃப் பற்றி. அது குரல் நாண்களுக்குக் கீழே இருக்கிறது. அதன் மேல் தேங்குவது ஏற்கனவே தப்பான பாதையில் வந்ததுதான், கஃபின் மடிப்புகள் வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவும் செய்யும். எனவே கஃப் ஊதியிருப்பது வாய்வழி கொடுக்க அனுமதி ஆகாது.

"கசியாமல் இருக்கட்டும்" என்று கூடுதலாக ஊதுவது இன்னும் மோசம். மூச்சுக்குழாய் வளையங்கள் முழு வட்டமல்ல, பின்பக்கம் திறந்தவை. அங்கே மென்மையான தசைச்சுவர் மட்டுமே. கஃப் புடைத்தால் அந்தச் சுவர் உணவுக்குழாயை அழுத்தும், விழுங்குவது கடினமாகும். சளிச்சவ்வின் ரத்த ஓட்டமும் தடைபட்டுப் புண்ணாகும். கஃப் அழுத்தம் 20–30 செ.மீ. நீர் அளவில் இருக்க வேண்டும். கஃபோடு இணைந்து வெளியே தொங்கும் பைலட் பலூனை விரலால் அமுக்கிப் பார்த்துச் சொல்லவே முடியாது, அழுத்தம் அளக்கும் மானோமீட்டர் வைத்துத்தான் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் யார் முடிவு செய்வது?

பதில் 1:
மருத்துவரும் விழுங்கல் பயிற்சியாளரும் பரிசோதித்த பிறகு. அதுவரை வாயை ஈரத்துணியால் துடைத்து, உதடு காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாகம் பெரிய வேதனை, இதை அலட்சியப்படுத்தாதீர்கள். நீலச்சாயம் கலந்து கொடுத்துப் பார்க்கும் சோதனையில் சக்‌ஷனில் சாயம் வரவில்லை என்பதற்காகப் பாதுகாப்பு என்று நம்பிவிட முடியாது.

பதில் 3:
ஒன்று சேர்க்கிறேன், உயிர் போகிற விஷயம். கழுத்தில் துளை தெரிந்தால் அது ட்ரக்கியாஸ்டமியா, குரல்வளையையே முழுதாக அகற்றிய லாரிஞ்செக்டமியா என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். லாரிஞ்செக்டமியில் வாய்க்கும் மூக்குக்கும் நுரையீரலோடு தொடர்பே இல்லை. முகத்தில் மாஸ்க் வைத்தால் ஆக்சிஜன் உள்ளே போகாது, கழுத்துத் துளைக்குத்தான் கொடுக்க வேண்டும். எது என்று தெரியாத அவசரத்தில் முகம், துளை இரண்டுக்குமே கொடுங்கள். படுக்கைத் தலைமாட்டில் எந்த அறுவை என்று பெரிய எழுத்தில் பலகை மாட்டுங்கள்.