வோய்டெக் கரடியை ஏன் கூண்டில் விட்டுவிட்டுப் போனார்கள்?

தேனி_செல்வி:
என் பையனுக்கு ஏழு வயது. போலந்துச் சிப்பாய்கள் வளர்த்த வோய்டெக் கரடியின் கதையை ஒரு வாரமாகத் தினமும் கேட்கிறான். 1942இல் ஈரானில் ஒரு சிறுவனிடமிருந்து தாயில்லாக் குட்டியாக அதை வாங்கியது, ஓட்கா பாட்டிலில் டின்பாலை ஊற்றிப் புகட்டியது, இத்தாலிக்குக் கப்பலேற்ற வேண்டும் என்பதற்காகப் படையில் சிப்பாயாகவே பெயர் பதிந்தது, மான்டே கசினோ சண்டையில் அது குண்டுப்பெட்டி தூக்கியது என எல்லாமே அவனுக்கு மனப்பாடம். நேற்றுக் கடைசிப் பகுதியைச் சொன்னேன். போர் முடிந்ததும் மிருகக்காட்சி சாலையில் விட்டுவிட்டார்கள் என்றதும் அழுதுவிட்டான். "அவ்வளவு பாசமா வளர்த்துட்டு ஏம்மா விட்டுட்டுப் போனாங்க?" என்கிறான். எனக்கும் பதில் தெரியவில்லை. யாராவது சொல்லுங்களேன்.

வனக்காதலன்:
காட்டில் விட்டிருந்தால் பிழைத்திருக்காது. சிப்பாய்களோடு கூடாரத்தில் தூங்கி, மல்லுக்கட்டி, பீர் குடித்து வளர்ந்த கரடி அது. மனிதரைப் பார்த்தால் ஓடாது, கிட்ட வரும். துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு அதன் மனசு எப்படித் தெரியும்?

எடின்பரோ_ராசு:
செல்வி அக்கா, நான் இந்த ஊரில் பதினோரு வருடமாக இருக்கிறேன். கோட்டைக்குக் கீழே பிரின்சஸ் தெருப் பூங்காவில் வோய்டெக்கும் ஒரு சிப்பாயும் சேர்ந்து நடந்து வருவதுபோல வெண்கலச் சிலை இருக்கிறது. 2015இல் வைத்தது. அதைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறேன்.

தம்பியிடம் இதைச் சொல்லுங்கள்: அந்தச் சிப்பாய்களுக்கே திரும்பிப் போக வீடு இல்லை. அவர்களில் பலரைச் சோவியத் படை ஊரிலிருந்து பிடித்துக்கொண்டுபோய் உழைப்பு முகாம்களில் அடைத்து வைத்திருந்தது. அங்கிருந்து விடுபட்டு ஈரானுக்கு வந்து சேர்ந்தவர்கள். மனைவி, பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்களா என்பதே பலருக்குத் தெரியாது. அந்த நேரத்தில்தான் கைக்கு ஒரு குட்டி வந்தது. பியோட்டர் பிரெண்டிஸ் என்பவர் தாய்போல் அதைப் பார்த்துக்கொண்டார். போர் முடிந்தபோது கிழக்குப் போலந்து சோவியத்தோடு சேர்ந்துவிட்டது. ஜெயித்த பக்கம் நின்று சண்டை போட்டவர்களுக்கு ஊர் இல்லாமல் போனது. இதை நினைத்தால் இப்போதும் ஆறவில்லை எனக்கு.

கொஞ்ச காலம் ஸ்காட்லாந்தில் ஹட்டன் ஊர்ப்பக்கம் ஒரு முகாமில் கரடியோடு இருந்தார்கள். 1947இல் முகாம் கலைந்தது. கிடைத்த வேலையைத் தேடி ஆளுக்கொரு திசையில் போனார்கள். வாடகை அறையில் 200 கிலோ கரடியை எப்படி வைத்துக்கொள்வது? அந்த நவம்பரில்தான் எடின்பரோ மிருகக்காட்சி சாலையில் சேர்த்தார்கள்.

ஆனால் மறந்துபோகவில்லை அக்கா. தேடி வந்து பார்த்தார்கள். வேலி தாண்டி உள்ளே குதித்துக் கட்டிப்பிடித்தவர்களும் உண்டு. கூட்டத்தில் யாராவது போலந்து மொழி பேசினால் போதும், வோய்டெக் நிமிர்ந்து பார்க்குமாம். 1963 டிசம்பரில் சாகும்வரை, பதினாறு வருடம், அந்த மொழியை அது விடவில்லை. எனக்கு அந்த இடம்தான் தாங்காது. இங்கே பேருந்தில் எங்கோ பின்சீட்டில் தமிழ் கேட்டால் என் தலையும் அப்படித்தான் தானாகத் திரும்பும்.

தேனி_செல்வி:
ராசு தம்பி, அப்படியே படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்த மாமா நாளைக்கு அந்தப் பக்கம் போறப்ப வோய்டெக்னு ஒரு தடவை கூப்பிடச் சொல்லும்மா" என்றான். கூப்பிடுவீர்களா?

எடின்பரோ_ராசு:
காலையில் முதல் வேலை அதுதான் அக்கா.