வேலூர் வெயிலும் பருவநிலை மாற்றமும்: பெரியவர்களுக்கு எப்படி விளக்குவது?

கேள்வி: காட்பாடி அருகே எங்கள் ஊர்க் கூட்டத்தில் புவி வெப்பமடைதலைப் பற்றிப் பேசினால், "கத்திரி வெயில் நமக்குப் புதிதா?" என்று பெரியவர்கள் சிரிக்கிறார்கள். எவ்வாறு எடுத்துரைப்பது?

பதில் 1: நியாயமான கேள்விதான். ஒரு நாள் வெயில் வானிலை, 30 ஆண்டுச் சராசரியே பருவநிலை என்று முதலில் பிரித்துக் காட்டுங்கள். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்திற்கு ஏறத்தாழ 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டி, பூமியின் வெப்பத்தை வெளியேற விடாமல் பிடித்து வைக்கிறது என்பதைப் பிறகு சொல்லலாம்.

பதில் 2: 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதைச் சொல்லுங்கள், 'நீரில்லா ஆறு' என்று கேலி பேசியவர்களும் அதைப் பார்த்தார்களே.

பதில் 3: சொல்லலாம், ஆனால் அந்த ஒரு வெள்ளத்திற்குப் புவி வெப்பமடைதலே காரணம் என்று அடித்துச் சொல்லாதீர்கள். ஒரு டிகிரி சூடான காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்குவதால் பெருமழைக்கான வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவே. ஆற்றில் மணல் அள்ளியதால் நிலத்தடி நீர் இறங்கியதை மறைத்தால், மற்றதையும் ஊரார் நம்பமாட்டார்கள்.