நெல்வயல் நீரில் களைக்கொல்லியின் ஒளிச்சிதைவு: நுண்ணுயிரிகளின் பங்கைப் பிரித்தறிய உதவி தேவை

வணக்கம். நெல்வயலில் தேங்கும் நீரிலும் அதன் மண்ணிலும் பியூட்டாகுளோர் என்னும் களைக்கொல்லி வெயிலில் சிதையும் வேகத்தை அளந்து வருகிறேன். தரையை எட்டும் சூரிய ஒளியை, அதாவது 290 நானோமீட்டருக்கு மேற்பட்டதை, இம்மூலக்கூறு மிகக் குறைவாகவே உறிஞ்சுவதால், நீரிலுள்ள நைட்ரேட்டும் மட்குப் பொருளும் ஒளிபட்டு உண்டாக்கும் ஹைட்ராக்சில் ராடிக்கல்களே (பிற மூலக்கூறுகளை விரைந்து தாக்கும் துகள்கள்) முக்கியம் எனக் கருதுகிறேன். ஆயினும் அதே மட்கு ஒளியை மறைத்து, ராடிக்கல்களையும் விழுங்கிவிடுகிறது. மண்ணிலோ ஒளி மேல் மில்லிமீட்டரைத் தாண்டுவதே அரிது.

அலுமினியத் தாள் சுற்றி இருட்டில் வைத்த குடுவையிலும் மருந்து குறைகிறது; இது நுண்ணுயிரிகளின் வேலையாக இருக்கலாம். நுண்ணுயிரிகளை அடக்கச் சோடியம் அசைடு சேர்த்தால், அது ராடிக்கல்களையும் பிடித்துக்கொண்டு வெயிலில் வைத்த குடுவையின் அளவீட்டையே கெடுத்துவிடும். ஆட்டோகிளேவ் செய்தாலோ (உயரழுத்த நீராவியில் சூடாக்கி நுண்ணுயிரிகளைக் கொன்றாலோ) மண்ணின் கரிமப்பொருள் மாறிவிடுகிறது. நீரை 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடிப்பது போதுமா, மண்ணுக்கு வேறு எந்த வழி ஏற்றது என்பதை, இத்தகைய சோதனை செய்தவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.