ஓபிஎஸ் (OBS) திரைப்பதிவு மென்பொருளில் பாடம் பதிவு செய்தால் திரை கறுப்பு, குரல் எதிரொலி: உதவி தேவை

கணக்கு டீச்சர், காரைக்குடி
டாலி (கணக்கு எழுதும் மென்பொருள்) வகுப்பு எடுக்கிறேன். ஜூம் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் முடிந்துவிடுவதால், செய்முறையை முன்கூட்டியே ஓபிஎஸ்ஸில் பதிவு செய்து வகுப்பில் ஓடவிட நினைக்கிறேன். விண்டோஸ் 11 லேப்டாப், என்விடியா கார்டு உண்டு. திரையைப் பிடிக்க டிஸ்ப்ளே கேப்சர் போட்டால் வெறும் கறுப்பு. குரலோ கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. நேற்று கரண்ட் போனதில் பதிவான எம்பி4 கோப்பும் திறக்கவில்லை (லேப்டாப் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது). யாராவது வழி சொல்லுங்கள்.

கோட்டையூர்க்காரன்
அக்கா, கறுப்புத் திரைக்குக் காரணம் இரண்டு கிராபிக்ஸ் சிப். திரையை ஒரு சிப் ஓட்ட, ஓபிஎஸ் இன்னொன்றில் ஓடினால் அதற்குத் திரை தெரியாது. செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போய், ஓபிஎஸ்ஸைச் சேர்த்து ‘பவர் சேவிங்’ வையுங்கள். ஓபிஎஸ்ஸை மூடித் திறந்தால் சரியாகிவிடும்.

சாதாரண எம்பி4 கோப்பில், எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பதிவு முடியும்போதுதான் எழுதப்படும். நடுவில் கரண்ட் போனால் அட்டவணை இல்லை, கோப்பும் திறக்காது. எம்கேவி என்ற கோப்பு வகையில் பதிவு செய்யுங்கள், அதுவரை பதிவானது தப்பிக்கும். அப்புறம் ஃபைல் மெனுவில் ‘ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்’ கொடுத்தால் தரம் குறையாமல் சீக்கிரமே எம்பி4 ஆகிவிடும்.

புது மைக் பிரியன்
எதிரொலிக்கு நல்ல கண்டென்சர் மைக் ஒன்று வாங்கிவிடுங்கள் மேடம். பிரச்சினை முடிந்தது.

தேவகோட்டை சவுண்டு
வேண்டாம் டீச்சர், காசு வீண். கண்டென்சர் மைக் அறையின் ஒலியை இன்னும் நன்றாகவே பிடிக்கும். முதலில் ஒன்று சொல்லுங்கள்: ஒரே வார்த்தை இரண்டு தடவை கேட்கிறதா, அல்லது வார்த்தை முடிந்தபிறகும் இழுத்துக்கொண்டே போகிறதா? முதலாவது என்றால் ஒரே மைக்கை ஓபிஎஸ்ஸில் இரண்டு இடத்தில் சேர்த்திருக்கும். இரண்டாவது என்றால் அறைதான். எங்கே உட்கார்ந்து பதிவு செய்கிறீர்கள்?

கணக்கு டீச்சர், காரைக்குடி
இழுக்கிறது தம்பி. எங்கள் பழைய வீட்டில் வளவுப் பக்கம் (முற்றத்தைச் சுற்றிய கூடம்) உட்கார்ந்துதான். அங்கேதான் வைஃபை வருகிறது.

தேவகோட்டை சவுண்டு
அதுதானே பார்த்தேன்! கீழே ஆத்தங்குடிக் கல், சுற்றிலும் முட்டை வெள்ளைக்கரு கலந்து கண்ணாடியாய்த் தேய்த்த சுண்ணாம்புச் சுவர், தலைக்கு மேல் உயரமான கூரை. எதுவுமே ஒலியைக் குடிக்காது. விசேஷத்துக்கு நாதஸ்வரம் வாசிக்க அருமையான இடம், மைக்குக்கு ஆகாது.

பதிவுக்கு நெட் வேண்டாமே! உள் அறைக்குப் போங்கள். மெத்தை, துணி அடுக்கிய அலமாரி இருக்கிற அறையாகப் பார்த்து, பின்னால் ஒரு ஜமுக்காளத்தைக் கட்டித் தொங்கவிடுங்கள். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், கொஞ்சம் பக்கவாட்டில். ஹெட்செட் மைக்கே போதும். ஓபிஎஸ்ஸில் ஆர்என்நாய்ஸ் ஃபில்டர் மின்விசிறிச் சத்தத்தைக் குறைக்கும், ஆனால் அறையின் இழுவையை அது நீக்காது. அதை நம்பி வளவிலேயே இருந்துவிடாதீர்கள்.

கோட்டையூர்க்காரன்
பிள்ளைகள் போனில்தானே பார்ப்பார்கள்? பதிவுக்கு முன் திரையை 1280×720க்கு மாற்றுங்கள், டாலி எழுத்து பெரிதாகத் தெரியும். ஓபிஎஸ் வீடியோ செட்டிங்கில் பேஸ், அவுட்புட் இரண்டும் அதே அளவில் இருக்கட்டும். வேறுபட்டால் எழுத்து மங்கும்.

கணக்கு டீச்சர், காரைக்குடி
திரை வந்துவிட்டது, உள் அறையில் குரலும் தெளிவு. நன்றி தம்பிகளா. இப்போது புதுச் சிக்கல்: பதிவை ஓபிஎஸ் வர்ச்சுவல் கேமரா (ஓபிஎஸ் படத்தை வெப்கேம் போலக் காட்டும் வசதி) வழியாக ஜூமில் விட்டேன். பிள்ளைகளுக்குச் சத்தமே வரவில்லை. டாலி எழுத்தும் இடம் வலமாய்த் தெரிகிறது!

கோட்டையூர்க்காரன்
வர்ச்சுவல் கேமரா படத்தை மட்டும்தான் கொண்டுபோகும், ஒலியை அல்ல. அதை விட்டுவிட்டு, வீடியோவை பிளேயரில் திறந்து ‘ஷேர் ஸ்க்ரீன்’ கொடுங்கள். அந்தச் சாளரத்தில் ‘ஷேர் சவுண்ட்’, ‘ஆப்டிமைஸ் ஃபார் வீடியோ கிளிப்’ இரண்டையும் டிக் செய்யுங்கள். இடம் வலம் உங்கள் கண்ணுக்கு மட்டும்தான், பிள்ளைகளுக்கு நேராகத்தான் தெரிந்திருக்கும். உறுத்தினால் ஜூம் வீடியோ செட்டிங்கில் ‘மிரர் மை வீடியோ’ டிக்கை எடுத்துவிடுங்கள்.